தடசு மரத்து வில்

பிப்ரவரி 3, திங்கள்

இரும்புக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. மூன்று வாரமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்குப் புது வேலை ஒன்று ஆரம்பிப்பதால் இதில் எழுதுகிறேன். இரும்பு வார்ப்படம் செய்கிற பவுண்டரிகளுக்கு மர அச்சு செய்து கொடுப்பது என் தொழில். கோயமுத்தூரில் பேட்டர்ன் வேலை என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் சொந்த ஷெட். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, பழுது, திருத்தம் என்று எழுதிவைப்பது முப்பது வருஷப் பழக்கம்.

இந்தத் தடவை வேலை ஒரு வில். கேட்டது என் மனைவி வசந்தாமணி.

அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் விளையாட்டு டீச்சர். தீபாவளியிலிருந்து மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். இடது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றிவிட்டது. விசில் கயிற்றில் முடிச்சுப் போட வரவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். நரம்பு டாக்டர் நவம்பரில் ஒரு நீளமான ஆங்கிலப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், "ஏனுங்க, எனக்கொரு வில்லு செஞ்சு குடுங்க" என்றாள். கடையில் கிடைக்குமே என்றேன்.

"கடை வில்லு வேண்டாமுங்க. நீங்க செய்யோணும்."

கல்லூரியில் படிக்கும்போது அவள் வில்வித்தையில் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவள். கல்யாணமாகி வந்தபோது ஒரு மூங்கில் வில்லைக் கொண்டுவந்தாள். அது முதல் வருஷமே தொலைந்துவிட்டது. வெள்ளையடிக்க வந்த ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஷெட்டில் இருந்ததிலேயே நல்ல தேக்குப் பலகையை எடுத்தேன். பதினோரு வருஷம் காய்ந்தது. முடிச்சு இல்லை, கோணல் இல்லை. நீளம் ஐந்தரை அடி. நடுவில் பிடி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒடுங்கிப் போகும்படி மில்லிமீட்டர் பிசகாமல் இழைத்தேன். நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் பலத்துக்கு இழுவை என்று பெயராம்; இருபத்தாறு பவுண்டு இழுவை இருந்தால் போதும் என்கிறாள். கல்லூரியில் முப்பத்தெட்டு இழுப்பாளாம்.

லோகநாயகி கீரைக் கடைசல் கொண்டுவந்தாள். வசந்தாமணியின் தங்கை. அடுத்த வீதியில்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

உடைந்தது. நாணைப் பாதி இழுப்பதற்குள் படீரென்று இரண்டு துண்டு. ஒரு துண்டு என் கன்னத்தில் அடித்தது.

வசந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேக்கு வளையாது என்பதற்காகத்தானே நீங்கள் அதில் பேட்டர்ன் செய்கிறீர்கள், அதையே வளையச் சொன்னால் எப்படி என்று கேட்டாள். முப்பது வருஷமாக மரத்தோடு இருக்கிறவனுக்கு இது தோன்றவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கன்னத்தில் இரண்டு தையல். பம்ப் வேலைக்கான பேட்டர்ன் ஒன்று பாக்கி நிற்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

வில்லுக்குத் தடசு மரம்தான் நல்லது என்று அவளுடைய பழைய கோச் சொல்வாராம். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் பிடி போடுகிற மரம். அடி வாங்கினாலும் ஒடியாமல் விட்டுக்கொடுக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மர அறுவை மில்லில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வண்டியில் இரண்டு பேருமாகப் போனோம். பின்னால் உட்கார்ந்து வலது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக நிழலில் கிடந்த ஒரு கட்டையை அவளே தேர்ந்தெடுத்தாள். தோல் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். தோல் முறுக்கிப் போயிருந்தால் உள்ளே ரேகையும் முறுக்கியிருக்குமாம்.

திரும்பும்போது தடுக்கி விழுந்துவிட்டாள். மில் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. செருப்பும் பழசு. நாளைக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

மார்ச் 15, சனி

கட்டையை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும் என்றாள். ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். மரம் தன் ரேகைப்படி தானே பிரிந்தது. நான்கு பட்டைகள் கிடைத்தன. ஒன்றுகூட நேராக இல்லை. என் தொழிலில் இது கழிவு. அவளுக்கோ சந்தோஷம். கோணல் இருந்தால் இருக்கட்டும், ரேகை முனைக்கு முனை அறுபடாமல் போகிறதே என்றாள்.

வில்லில் எதிராளியைப் பார்க்கிற பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. முதுகில் மரத்தின் ஒரே ஒரு வருஷ வளையம் மட்டும் மேலிருந்து கீழ்வரை இருக்க வேண்டும். உளி அதைத் தாண்டி அடுத்த வளையத்துக்குள் இறங்கினால் அங்கேதான் உடையும். இழைப்பது எல்லாம் வயிற்றுப் பக்கம். இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னாள். முன்பு மைதானத்தில் பேசுகிற குரல். கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

புதுச் செருப்பு போட்டும் இன்றைக்கு ஒருமுறை தடுமாறினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது வில்லும் போயிற்று. சுவரில் ஆணி அடித்து அதில் வில்லை மாட்டி, கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிறுத்துங்க, சத்தம் கேக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒரு அங்குலம் இழுத்தேன். முதுகில் பிடிக்கு மேலே ஒரு சிராய் எழுந்தது. பார்த்தால், அந்த இடத்தில் வளையத்தை அரை விரல்கடை தூரத்துக்கு வெட்டியிருக்கிறேன். அவசரம்.

ஏன் அவசரப்பட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லோகநாயகி பாயசம் கொண்டுவந்தாள். வசந்தாமணிக்கு டம்ளரைத் தூக்க வரவில்லை. ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தோம். இளநீர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் குடித்தாள்.

ஆனைகட்டிப் பக்கம் ஒரு வைத்தியர் நரம்புக்கு எண்ணெய் தருகிறார் என்று போய் வாங்கிவந்தேன். இது ஐந்தாவது எண்ணெய். கையை நீட்டினாள். தேய்த்துவிட்டேன். தோளுக்குக் கீழே எலும்பு தட்டுப்படுகிறது.

மே 4, ஞாயிறு

மூன்றாவது வில், இரண்டாவது பட்டை. இந்தத் தடவை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதுகைத் தொடவில்லை. வயிற்றில் இழைப்புளி, அப்புறம் அரம், அப்புறம் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டல். தேங்காய்ப் பூ மாதிரி சுருள் விழுகிறது. கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். முப்பத்தொரு பவுண்டு. இன்னும் ஐந்து குறைய வேண்டும்.

இடது கையால் பிடிக்க முடியவில்லை என்பதால், பிடியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை தைத்தேன்.

மே 11, ஞாயிறு

இதில் எழுதியதில் ஒன்று பொய். பிப்ரவரி மூன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அந்த மூங்கில் வில்லை வெள்ளையடிக்க வந்தவர்கள் எடுக்கவில்லை. நான்தான் அறுத்தேன். கல்யாணமான ஏழாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாவட்ட அணித் தேர்வு இருந்தது. வெள்ளிக்கிழமை டீக்கடையில் எவனோ, சென்னியப்பன் பொண்டாட்டி வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், இனி சென்னியப்பன்தான் சோறாக்க வேண்டும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வில்லை எட்டுத் துண்டாக அறுத்து, கோந்து தடவுகிற பட்டைகளாகச் சீவிவிட்டேன். அவசர வேலைக்கு மூங்கில் பட்டை தேவைப்பட்டது என்பது உண்மை. ஷெட்டில் வேறு மூங்கில் இருந்தது என்பதும் உண்மை.

சனிக்கிழமை பூராவும் அவள் தேடினாள். நானும் கூடத் தேடினேன்.

தேர்வுக்குப் போகவில்லை. அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்த பிப்ரவரி வரைக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

பழுது: வில்லின் கீழ்ப் பாதியில், முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு இடம் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடங்குகிறது. அந்த இடத்தில் நான் அதிகம் சுரண்டியிருக்கிறேன். விட்டால் அங்கேயே ஒடியும்.

பேட்டர்னில் இப்படிப் பள்ளம் விழுந்தால் மெழுகோ மக்குப் பசையோ வைத்து அடைத்துவிடலாம். வில்லில் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. மெலிந்த இடத்தைத் தொடாமல், அதற்கு இரண்டு பக்கமும் உள்ள மற்ற இடங்களையெல்லாம் அதற்குச் சமமாக மெலிய வைக்க வேண்டும். வசந்தாமணி நாற்காலியிலிருந்தபடியே கண்ணால் அளந்து சொன்னாள். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு சுரண்டினேன். நான்கு நாள் பிடித்தது. இப்போது வளைவு சீராக இருக்கிறது. இழுவை இருபத்து நான்கு.

லோகநாயகி பகல் முழுக்க இங்கேயே இருக்கிறாள் இப்போது. குளிப்பாட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வில்லை அவள் கையில் கொடுத்தேன். பக்கத்துக் காலி மனையில் ஒரு சாக்கில் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியைத் திணித்து வைத்திருக்கிறேன். பதினைந்து அடி தூரம். தோல் பட்டையால் இடது கையைப் பிடியோடு கட்டினேன். லோகநாயகி பின்னால் நின்று தாங்கிக்கொண்டாள். நாணில் மூன்று விரலை வைத்து இழுத்தாள். நெஞ்சுவரை வந்தது. மோவாய்க்கு வரவில்லை.

வில் கனமாக இருக்கிறது. இருபதுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இருபது. பாதிவரை இழுக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

பதினாறு.

வார்ப்பு ஆறும்போது இரும்பு சுருங்கும். அதனால் பேட்டர்னை எப்போதும் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் தொழில். இங்கே அந்தக் கணக்கு பிடிபடவில்லை. நான் ஒரு வாரம் இழைத்து எட்டிப் பிடிப்பதற்குள் அவள் கை இன்னொரு படி இறங்கிவிடுகிறது. அடுத்த தடவை நேராகப் பத்துக்கே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வசந்தாமணியை லோகநாயகி சக்கர நாற்காலியில் ஷெட்டுக்குத் தள்ளிவந்தாள். வசந்தாமணிக்குப் பேச்சு இப்போது கொழகொழவென்று வருகிறது. மெதுவாகப் பேசினால் புரியும்.

"போதுமுங்க. இனி இழைக்காதீங்க."

பத்துக்கு வந்துவிட்டால் உன்னால் இழுக்க முடியும் மணி என்றேன்.

"அடுத்த மாசம்?"

நான் சில்லை மறுபடி வில்லின் மேல் வைத்தேன்.

"நான் கொறையறேன்னு அதையும் கொறைக்காதீங்க. பதினாறுல அது நல்ல வில்லுங்க. அப்படியே இருக்கட்டும்."

சில்லைக் கீழே வைத்தேன். லோகநாயகி வெளியே போய்விட்டாள். நான் உப்புத்தாள் எடுத்து வில்லைத் தேய்க்க ஆரம்பித்தேன். உப்புத்தாள் தேய்த்தால் இழுவை குறையாது. கையை எதிலாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூலை 14, திங்கள்

டாக்டரிடம் போனோம். இனி சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் என்னென்ன வரும் என்று சொன்னார். குழாய், மெஷின். வசந்தாமணி அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வயிற்றுக்குக் குழாய் சரி, மூச்சுக்கு மெஷின் வேண்டாம் என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். காகிதத்தில் அவள் வலது கைப் பெருவிரலை நான் பிடித்து மை ஒற்றி வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கை.

வாடகைக் காரில் திரும்பி வரும்போது தக்காளி வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வில்லுக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று தடவை பூசிக் காயவைத்தாயிற்று. நிறம் கருப்பட்டி மாதிரி வந்திருக்கிறது.

அந்த மூங்கில் வில் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாக ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று பக்கத்தில் போகிறேன். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுகிறேன். இன்றைக்கு அவள் பேசியதில் நான்கில் ஒன்று எனக்குப் புரியவில்லை. லோகநாயகிதான் எடுத்துச் சொன்னாள். நான் சொல்வதற்கு அவள் தரும் பதிலை லோகநாயகி எடுத்துச் சொல்லி நான் கேட்கிற நிலைமை வந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

லோகநாயகி கோயிலுக்குப் போயிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். இட்டிலியைத் தண்ணீரில் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு, மணி, அந்த மூங்கில் வில்லை நான்தான் அறுத்தேன் என்றேன். டீக்கடையில் சிரித்ததிலிருந்து எட்டுத் துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு மூங்கில் இருந்ததையும் சொன்னேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாயைத் துடைத்துவிடச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தெரியுமுங்க. சனிக்கெழம எங்கூடத் தேடுனீங்க பாருங்க. கட்டிலுக்கு அடியிலயே மூணு தடவ பாத்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. மக்யா நாளு, ஞாயித்துக்கெழம, கோந்துச் சட்டியில பட்டையப் பாத்தேன். நான் அரக்குப் பூசுன மூங்கிலு எனக்குத் தெரியாதுங்களா."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா பொய் சொல்லுவீங்க. அந்தப் பொய்ய எதுக்குக் கேட்டு வாங்கோணும்னு உட்டுட்டேன்."

தண்ணீர் கொடுத்தேன். பாதி வெளியே வழிந்தது. துடைத்தேன். இத்தனை வருஷம் கழித்து எதற்காக என்னிடம் வில் கேட்டாய் என்று கேட்டேன்.

"ஒரு வில்லு செய்ய எத்தன நாளாகும்னு உங்களுக்குத் தெரியோணும்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அவள் அழவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லவிடவில்லை.

"மன்னிச்சுட்டயான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. இருவத்தஞ்சு வருசம் உங்ககூட இருந்தேன். அத வெச்சுக்கங்க."

மிச்ச இட்டிலியை ஊட்டினேன். எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு வாரமாக ரெண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஆனால் அவள் என்னைக் கூப்பிடுவது கூடியிருக்கிறது. ஜன்னலைச் சாத்த, ஈ ஓட்ட, காலை நகர்த்தி வைக்க. லோகநாயகி பக்கத்திலேயே இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

இன்றைக்குக் காலி மனைக்குப் போக வேண்டும் என்றாள். போனோம். வில்லை அவள் மடியில் வைத்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"நீங்க இழுங்க. நான் சொல்றேன்."

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வாழ்க்கையில் வில்லைப் பிடித்ததில்லை. முதல் அம்பு சாக்கைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் விழுந்தது. அவள் சிரித்தாள். சிரித்ததில் புரையேறி, லோகநாயகி ஓடிவந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. மூச்சு சீரானதும் மறுபடி இழுக்கச் சொன்னாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து அம்பு. என்னால் முடிகிறதோ இல்லையோ, அவள் விடுவதில்லை. முழங்கை தாழ்கிறது. நாணை மோவாய்க்குக் கொண்டுவராமல் பாதியில் விடுகிறேன். விடும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். விரலைத் திறக்காமல் பிய்த்து எடுக்கிறேன். இத்தனை பழுதையும் ஒரு அம்பிலேயே கண்டுபிடிக்கிறாள். அம்பு கிளம்பும் முன்பே அது எங்கே போகும் என்று தெரிந்துவிடுகிறது அவளுக்கு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏன் இவளுக்கு அப்படிப் பயந்தார்கள், ஏன் மாற்றலாகிப் போகிறாள் என்ற வதந்திக்கே அழுதார்கள் என்று இப்போது புரிகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்த மைதானத்துக்குப் போனதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பேச்சு நின்றுவிட்டது. சத்தம் வருகிறது, வார்த்தை இல்லை. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது. நாற்காலிக் கையில் ஒரு தட்டு என்றால் முழங்கை. இரண்டு என்றால் சரி, விடு. அவளே முறை வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாக்கின் நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறேன். பத்தில் இரண்டு வட்டத்துக்குள் பட்டது. முதல் அம்பு பட்டதும் திரும்பிப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. என் முழங்கையைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. ஷெட்டில் இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வில்லையும் வைத்தேன். லோகநாயகி பொரி கடலை வைத்துக் கும்பிட்டாள். வசந்தாமணிக்கு வயிற்றில் குழாய் வைத்து ஆறு நாளாகிறது. கற்பூரச் சூட்டைக் கையில் வாங்கி அவள் கண்ணில் ஒற்றிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மனைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, சாக்கை ஜன்னலுக்கு நேரே தெரிகிற மாதிரி மாற்றி வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விரல் அசைவதில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் முழங்கை. நான் இழுத்துப் பிடித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். அப்படியும் பத்து அம்பு விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம் அவளுக்கு ஆகவில்லை. ஜன்னலைச் சாத்திவைத்தோம்.

அக்டோபர் 27, திங்கள்

மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரி. மெஷின் வைக்கலாமா என்று ஒரு சின்ன வயது டாக்டர் கேட்டார். ஜூலையில் வைத்த காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

வைக்கச் சொல்லத்தான் வாய் வந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதுதான், டாக்டர், என்றேன்.

அக்டோபர் 29, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறேகாலுக்கு. என் கையும் லோகநாயகி கையும் அவள் மேல் இருந்தன.

நவம்பர் 20, வியாழன்

காரியம் முடிந்தது. அவளிடம் படித்த பெண்கள் எழுபது எண்பது பேர் வந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு. ஒருத்தி போலீஸ் உடுப்பில் வந்து, வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். டீச்சர் வீட்டில் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார்களா சார் என்று கேட்டாள். நிறையச் சொல்வாள் என்றேன். பெயர்கூட எனக்குத் தெரியாது. பொய்தான். அவள் முகம் மலர்ந்தது. இந்த ஒரு பொய்யை வசந்தாமணி ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒரு மாதம் ஷெட்டைத் திறக்கவில்லை. நேற்று பவுண்டரிக்காரர் வந்து பம்ப் பேட்டர்னைக் கேட்டார். இன்று காலை திறந்து கூட்டினேன். மூலையில் மிச்சமிருந்த இரண்டு பட்டைகளிலும் கறையான் ஏறியிருந்தது. எடுத்து வெளியே போட்டேன்.

ஏழு மணிக்கு வில்லை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன். மழைக்குச் சாக்கு நனைந்து சரிந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன். நாண் ஏற்றினேன். லோகநாயகி அக்காவின் சேலைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். யார் யாருக்குக் கொடுப்பது என்று நாளைக்குப் பிரிக்க வேண்டும்.

முதல் அம்பு வட்டத்துக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளிப் பட்டது. இரண்டாவதும் அங்கேயே. முழங்கையை உயர்த்தினேன். மோவாய் வரைக்கும் இழுத்தேன். கண்ணை மூடவில்லை. விரலைத் திறந்துதான் விட்டேன். பத்து அம்பும் இடது பக்கமே போயின.

"என்னுங்க மாமா, படலீங்களா?" என்று லோகநாயகி அங்கிருந்தே கேட்டாள்.

படவில்லை என்றேன். எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. சாக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவந்து, பழைய இடத்திலேயே நின்று, மறுபடி முதல் அம்பை நாணில் வைத்தேன்.